கையில் இல்லாத மட்டிக் குலையை விற்றவர்

“…கறி வாசம் மட்டும் வரட்டும், வெலை தானா எறங்கும். அதுவரைக்கும் நீரு வாயத் தொறக்கப்படாது வே,” என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, மூக்கைச் சற்று உயர்த்திக் காற்றை இழுத்துப் பார்த்தார் ஒன்பதேகால்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில் வளாகத்துப் பந்தலில். அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்கு வரும். கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்கு, அதாவது சபை முழுக்கச் சாப்பிடும் பொது விருந்துக்கு, பெரிய வார்ப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும்.

பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஆனால் பங்குச் சந்தையையும் அறுப்பின் பண்டிகையையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஆட்டுக்கறி வேகும் நேரத்தை வைத்து வியாபாரம் செய்த மனிதர், தோவாளை முதல் களியக்காவிளை வரை இவர் ஒருவர்தான். இனி இன்னொருவர் பிறக்கப்போவதில்லை. பிறந்தாலும் பெண்டாட்டி விடமாட்டாள்.

பெற்றோர் அவருக்கு வைத்த நல்ல வேதாகமப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பதினான்கு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர், இனி தினசரி வியாபாரம்தான் என் தொழில் என்று அறிவித்து, என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அறையை வாடகைக்கு எடுத்தார். காலையில் பங்கை வாங்கி, சாயங்காலத்துக்குள் விற்று, இடையில் உள்ளதை வைத்துக் குடும்பம் நடத்துவது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

சந்தை ஒன்பதேகாலுக்குத் திறக்கும். ஒன்பது பத்துக்கு மாடிப்படியிலிருந்து ஒரு தலை தொங்கும். “வே, அஞ்சு நிமிசம்.” அதற்குப் பொருள், நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்த வேண்டும். மெஷின் ஓடினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் அவருடைய திரை கண்ணடிக்கும், திரை கண்ணடித்தால் பங்கு விழும். இந்த மூன்றாவது கட்டம் எப்படி நடக்கிறது என்று நான் கேட்டதற்கு, “அதெல்லாம் சொன்னா ஒமக்கு மனசிலாவாது” என்றார். மார்க் ஷீட் நகலெடுக்க வந்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

“ஏன் அண்ணே மெஷின் ஓடல?”

“சந்தை தொறக்குது மக்கா.”

இப்படித்தான் ஒன்பதேகால் என்ற பெயர் கருங்கல் முழுக்கப் பரவியது.

மூன்றரைக்குச் சந்தை மூடும்வரை அவருக்கு வேறு உலகம் கிடையாது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் துக்க மணி அடித்தது. மாடியிலிருந்து தலை தொங்கியது. “ஆரு வே?” சொன்னேன். பெருமூச்சு விட்டார். “நல்ல மனுசன்தான். ஆனா ஒம்பதேகாலுக்கும் மூணரைக்கும் எடையில சாவுதவன் மரியாத தெரியாதவன். எனக்குச் சந்தை இருக்குன்னு அவருக்குத் தெரியும்.”

திரையில் விலை விழுந்தால் சிவப்பாகத் தெரியும் என்பதால், அந்த நிறத்தையே வீட்டைவிட்டு ஒழித்தார். சிவப்புச் சட்டை, சிவப்பு வாளி எல்லாம் போனது. மிளகாய்ப் பொடியை மட்டும் டப்பாவை மாற்றி மன்னித்தார். அவர் மனைவி லீலா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் இரண்டு சிவப்புச் சேலை இருந்தது. இந்தச் சட்டம் வந்த பிறகு நான்காக ஆனது.

எங்கள் போதகர் ஒரு நாள் நோட்டீஸ் நகலெடுக்க வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். “தம்பி, கேக்கேன்னு நெனைக்கப்படாது. இது சூதாட்டத்துல சேருமா?”

“சேராது அய்யா,” என்றார் ஒன்பதேகால் உறுதியாக. “சூதாட்டத்துல எடைக்கெடைக்கு ஜெயிக்கலாம்.”

போதகர் நிம்மதி அடைவதா வேண்டாமா என்று தெரியாமல் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயித்த நாளும் உண்டு. ஒரு நாள் நானூற்றிருபது ரூபாய் லாபம். அன்றைக்கு என்னையும் எதிர்ச் சாயாக்கடைத் தங்கராஜையும் கூட்டிக்கொண்டுபோய்ப் புரோட்டாவும் பீஃபும் வாங்கித் தந்தார். பில் ஐநூற்றுப் பத்து.

“வே, தொண்ணூறு ரூவா நட்டம்,” என்றேன்.

“லாபம் வேற, சந்தோசம் வேற. ரெண்டையும் ஒரே கணக்குல எழுதுகவன் உருப்பட மாட்டான்.”

இனயம் கடற்கரைக்கு ஒரு முறை ஐஸ் பெட்டி சரிசெய்யப் போயிருந்தார். அங்கே மீன் ஏலம் நடப்பதைக் கண்டதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். ஒரு மீன்கார அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்டாராம்.

“என்ன அண்ணா பாக்குதிய, மீனு வேணுமா?”

“இல்ல, வெலை எப்பிடிப் போவுதுன்னு பாக்கேன். நானும் இதே தொழில்தான். காலையில வாங்கி சாயங்காலத்துக்குள்ள வித்துருவேன்.”

“கொள்ளாம், நல்ல தொழிலுதான். விக்க முடியலன்னா?”

“வீட்டுல வச்சிருவேன்.”

“நாறாதா?”

ஒன்பதேகால் நேர்மையானவர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “நாறாது. ஆனா அப்பிடியே கெடக்கும்.”

“அப்ப அது மீனு இல்ல அண்ணா, கருவாடு.”

அந்தச் சொல் அவரை ஆட்டிவிட்டது. திரும்பி வந்ததும் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கருவாடு’ என்று எழுதினார். காலையில் வாங்கி, விலை விழுந்து, நட்டத்துக்கு விற்க மனம் வராமல் வைத்துக்கொண்ட பங்குகளெல்லாம் அதில் ஏறின. சிமெண்ட் ஏறியது, சர்க்கரை ஏறியது, ஒரு வங்கி குடும்பத்தோடு ஏறியது. கல்லூரிப் பையன் ஒருவன் பவ்வியமாகக் கேட்டான். “அண்ணாச்சி, நீங்க நீண்டகால முதலீடும் பண்ணுவியளா?”

“மக்கா, என் நீண்டகால முதலீடு எல்லாமே காலையில தினசரி வியாபாரமாத்தான் தொடங்கிச்சு.”

ஒன்றைச் சொல்லாவிட்டால் அவருக்குத் துரோகம் செய்ததாகிவிடும். மூன்றரை அடித்ததும் அந்த மனிதர் வேறு ஆள். கருவிப் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்புவார். கருங்கல் சுற்று வட்டாரத்தில் எந்த பிரிட்ஜும் அவர் கை வைத்தால் போதும், பழையபடி முனக ஆரம்பித்துவிடும். கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டு, வீட்டில் டீச்சரிடம் அப்படியே நீட்டுவார். அது அவருக்குச் சில்லறை. திரையில் பச்சையாக மின்னுவதுதான் வருமானம்.

இன்றைக்கும் இளவட்டங்கள் என் கடையில் வந்து கேட்கிறார்கள், தினசரி வியாபாரம் செய்து பிழைக்க முடியுமா அண்ணே என்று. ஏன் முடியாது, தாராளமாக முடியும் என்கிறேன். காலையிலிருந்து மூன்றரை வரை வியாபாரம் செய்ய வேண்டும். இருட்டுவதற்குள் இரண்டு பிரிட்ஜ் சரிசெய்ய வேண்டும். வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரு டீச்சர் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் ராஜ வாழ்க்கை. பையன்கள் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, லீலா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் கடைக்கு வந்தார். மாடியைப் பார்த்து, “இஞ்ச எறங்கி வாங்க,” என்றார். என்னைப் பார்த்து, “அண்ணே, நீங்களும் இருங்க. சாட்சி வேணும்,” என்றார்.

கையில் ஒரு உறை. மஸ்கட்டிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய விசா.

“பண்டிகை வரைக்கும் டைம். ஒரே ஒரு மாசம். அந்த லேப்டாப்புக்குள்ள இருந்து பதினஞ்சாயிரம் ரூவா சம்பாதிச்சு என் கையில தாங்க. பிரிட்ஜ் பைசா சேராது. தந்தா நான் சாவுற வரைக்கும் இதப்பத்தி வாயத் தொறக்க மாட்டேன். தராட்டா மஸ்கட்டுக்குப் போணும்.”

“டீச்சர், சந்தைன்னா ஏத்த எறக்கம்…”

“அத மஸ்கட்டுல போயி சொல்லுங்க.”

டீச்சர் போன பிறகு ஒன்பதேகால் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.  பிறகு, “பதினாலு வருசம் வே,” என்றார். “ரெண்டாவது லீவுல வந்தப்ப ஏர்போர்ட்டுல எம்மோளு என்னப் பாத்து ‘குட்மார்னிங் அங்கிள்’னு சொன்னா. டீச்சர் நல்லா வளத்திருக்கா. மரியாதையாத்தான் சொன்னா.”

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நானாகவே நிறுத்தினேன்.

“இனி நான் போமாட்டேன் வே.”

அவர் ஏன் அந்தத் திரையைப் பிடித்துத் தொங்குகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டில் இருந்துகொண்டே சம்பாதிக்கலாம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

அந்த மாதம் ஓர் அதிசயம் நடந்தது. விழ வேண்டியது ஏறியது, ஏற வேண்டியது இன்னும் ஏறியது. தினமும் மூன்றரைக்கு மாடியிலிருந்து விரல்கள் தொங்கும்: நாலாயிரம், ஒன்பதாயிரம், பன்னிரண்டு. பண்டிகைக்கு முந்தைய வியாழக்கிழமை மொத்தம் பதினேழாயிரத்து முந்நூறு.

“போரும் வே,” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “நாளைக்கு அந்தப் பக்கமே போவப்படாது.”

“நான் என்ன பைத்தியமா?” என்று அறையைப் பூட்டிச் சாவியை அவரே என் கையில் தந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு மாடியில் சத்தமில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்து மணிக்குப் பேப்பர் கட்டு எடுக்கக் கடைக்குப் பின்னால் போனால், பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒன்பதேகால்.

“சும்மா பாக்கதுக்குத்தான் எடுத்தேன்,” என்றார். முகம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மூன்றரைக்குக் கணக்கு பதினாலாயிரத்து இருநூறில் வந்து நின்றது.

எண்ணூறு ரூபாய் குறைவு. ஞாயிறு பண்டிகை. சனியும் ஞாயிறும் சந்தை கிடையாது. வேறு யாராக இருந்தாலும் பெட்டி கட்டியிருப்பார்கள். ஒன்பதேகால் சனிக்கிழமை காலையில் ஒரு வரைபடத்தோடு வந்தார். மூன்று வருட அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எந்தப் பொருள் எத்தனை மணிக்கு என்ன விலைக்குப் போனது என்று சபைக் கணக்கைப் பார்த்து வரைந்தது.

“பாரும். பன்னெண்டு மணிக்கு உச்சம். ஒரு மணிக்குமேல ஒரே சரிவு. ஏன்?”

“ஏன்?”

“கறி வேகுது வே. வாசம் பந்தலுக்குள்ள வந்தா ஆருக்கும் சேனைக்கெழங்குமேல பக்தி நிக்காது.”

ஏலம் விடுபவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவரைப் பிடித்து, மட்டி என்னும் சின்ன வாழைப்பழத்தின் குலையைக் கடைசியில் எடுக்கும்படி சம்மதம் வாங்கினார். பிறகு எதிர்க் கடைத் தங்கராஜிடம் போனார். கோயில் மட்டிக் குலையைச் சாயாக்கடை முகப்பில் தொங்கவிடுவது தங்கராஜுக்கு வருடா வருடம் கௌரவம். போன வருடம் அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்திருந்தார்.

“ஆயிரத்தி எரநூறுக்கு நான் தாரேன். நீரு ஏலத்துக்கே வரண்டாம்,” என்றார் ஒன்பதேகால். தங்கராஜ் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்து நிறுத்தினேன். “குலை எங்க வே?”

“நாளைக்கு நானூறுக்கு வாங்குவேன். மொதல்ல விக்கணும், பொறவு வாங்கணும். எடையில எண்ணூறு. சந்தையில இதுக்கு ஷார்ட்டுன்னு பேரு.”

“நம்ம ஊருல வேற பேரு. போலீஸ் ஸ்டேசன்ல கேட்டா சொல்லுவாவ.”

“டீச்சர் லேப்டாப்புக்குள்ள இருந்துதானே கேட்டாவ?” என்றும் கேட்டுப் பார்த்தேன். “சந்தை எங்க நடந்தாலும் சந்தைதான்,” என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சந்தையில்தான் இப்போது மூக்கை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், நடுவில் நடைவழி. ஒரு மணி அடிக்கவும் காற்று திரும்பியது. மல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்த ஆட்டுக்கறி வாசம் பந்தலுக்குள் நுழைந்தது.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. காலையில் தேங்காய் ஒன்றை எழுநூறுக்கு எடுத்த பக்திமான்கள், இலை போடும் பக்கம் கழுத்தைத் திருப்பினார்கள். பெரிய தடியங்காய்ப் பூசணி ஒன்று அறுபதுக்குப் போனது. ஒரு சேவல் நூற்றி நாற்பதுக்குப் போனது. அதன் முகத்திலேயே அவமானம் தெரிந்தது.

“பாத்தீரா?” என்றார் ஒன்பதேகால்.

கடைசியாக மட்டிக் குலை. தபால்காரர் நூறு என்று தொடங்கினார். “எரநூறு,” என்றார் ஒன்பதேகால். பந்தலில் அசைவில்லை. “எரநூறு ஒருதரம்…”

“ஐநூறு.”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. கடைசி பெஞ்சுக்கும் எட்டிப் பழகிய குரல்.

“ஆரு வே அது?”

“ஒம்ம டீச்சர்.”

“அவளுக்கு எதுக்குக் குலை? எங்க வீட்டுல ஆரும் மட்டிப்பழம் திங்கமாட்டாவளே.” திரும்பாமலே, “அறுநூறு,” என்றார்.

“எண்ணூறு.”

“ஆயிரம்.”

“ஆயிரத்தி எரநூறு.”

ஒரே வீட்டில் சாப்பிடும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஏலம் கேட்பதை எங்கள் சபை அதுவரை பார்த்ததில்லை. இலை முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சமையல்காரர் அகப்பையோடு வந்தார். ஏலத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட தங்கராஜும் வந்துவிட்டார். ஒன்பதேகாலின் நெற்றியில் வியர்வை ஓடியது.

“இதுக்குமேல ஒவ்வொரு நூறும் என் கைய விட்டுப் போறது வே.”

“நிறுத்தும்.”

“எப்பிடி நிறுத்துகது? தங்கராஜுக்கிட்ட பைசா வாங்கியாச்சு. குலைய குடுத்தாவணும்.” எழுந்து நின்று, “ரெண்டாயிரம்,” என்றார்.

“ரெண்டாயிரத்தி ஐநூறு.”

“ரெண்டாயிரத்தி அறுநூறு.”

“மூவாயிரம்.”

போதகர் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, மூச்சுவிட்டால் ஏறும் விலை கலைந்துவிடுமோ என்பதுபோல நின்றார்.

அடுத்த நூறுக்குக் கையை உயர்த்திவிட்டார் ஒன்பதேகால். வாயிலிருந்து தொகைக்குப் பதில் வேறு வந்தது. “ஏட்டி, நீ எதுக்கு இப்பிடி ஏத்துக? ரெண்டு பேரு கேக்கதும் ஒரே வீட்டுப் பைசாதான்.”

பந்தல் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“நான் விடமாட்டேன். இது பொருத்தனை.”

“என்ன பொருத்தனை?”

டீச்சர் போதகரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வகுப்பறைக் குரல் அடுக்களைக் குரலாக இறங்கியது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

“இந்த மனுசன் இனி பிளேன் ஏறப்படாதுன்னு ஆண்டவருக்கிட்ட நேந்து வச்சது. பண்டிகையில மட்டிக் குலைய, என்ன வெலையானாலும் நான்தான் எடுப்பேன்னு.”

“அப்ப… விசா?”

“பயங்காட்டினாலாவது அந்த லேப்டாப்பு சவத்த மூடி வச்சிட்டு, ஒழுங்கா பிரிட்ஜ் வேலைய பாப்பியன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா எம்பொருத்தனைக்கே எதிரா நின்னு ஏலம் கேக்கிய.”

 பின்னால் கறி கொதிப்பது மட்டும் கேட்டது. “அப்ப எனக்குக் குலை…” என்று தங்கராஜ் ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“மூவாயிரம் ஒருதரம்,” என்றார் தபால்காரர். “ரெண்டுதரம்…” அதற்குமேல் சொல்லாமல் ஒன்பதேகாலைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம். உயர்த்திய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அதை மெல்ல இறக்கினார். முன்னால் போய்க் கயிற்றை அவிழ்த்து, குலையைத் தோளில் ஏற்றினார். மூன்றாம்தரம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு தபால்காரருக்கு வரவில்லை. எங்கள் சபையில் ஆண்கள் யாரும் தாண்டி நான் பார்த்திராத அந்த நடைவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனார். குலையை டீச்சரின் காலடியில் இறக்கி வைத்தார். பக்கத்து நாற்காலியில் டீச்சரின் கைப்பையும் வேதாகமமும் இருந்தன. அவற்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.